கீரிக்குப் பாஸ்போர்ட் போட்டோ

ஸ்டுடியோக்காரருக்குத் தெருவில் ‘ஆடாதீங்க’ என்றே பெயர். பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுப்பது அவர் தொழில். முக்காலியில் உட்காருகிறவர் கொஞ்சம் பலமாக மூச்சு விட்டாலும் “ஆடாதீங்க” என்பார். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. சிரிக்கக் கூடாது, தலை சாயக் கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும், பின்னால் வெள்ளைத் திரை. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அதற்குள் நுழைந்து வெளியே வந்தவர்கள்தான். ஆனாலும் ஒருவர்கூடச் சொன்னபடி முகத்தை வைத்ததில்லை என்பது அவருடைய தீராத குறை.

ஒரு நாள் மத்தியானம் கடையில் ஆளில்லை. குடை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்கதவு வழியாக ஒரு கீரி உள்ளே வந்தது. ஓடிவரவில்லை, நிதானமாக வந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டது. பவுடர் டப்பாவை முகர்ந்து ஒரு தும்மல் போட்டது. பிறகு முக்காலியில் ஏறி, முன்னங்கால்களைத் தூக்கி, நிமிர்ந்து உட்கார்ந்தது. முகம் நேராக. இரண்டு காதும் தெரிய.

அவர் கேமராவைத் தூக்கினார். வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுப் படம் எடுத்தார். விளக்கு பளிச்சென்று அடித்தும் கீரி இமைக்கவில்லை. அவர் கேமராவைக் கீழே இறக்கியதும் தானாக இறங்கி, வந்த வழியே போய்விட்டது.

அன்றிலிருந்து மனிதருக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. வங்கியின் ஏசி பெட்டிமேல் ஓர் ஆந்தை இருந்தது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற மெஷினுக்கு அடியில் உடும்பு. சலூன் போர்டுக்குப் பின்னால் வௌவால்கள். இவ்வளவு நாளும் இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று ஆச்சரியப்பட்டார், அங்கேயேதான் இருந்தார்கள். ஆந்தை விழிக்கும்போது முதலில் ஒரு கண்ணைத்தான் திறக்கும், மற்றதைத் திறப்பது வீண் வேலையா என்று யோசிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே வங்கி வாசலில் மணிக்கணக்காக நின்றார். செக்யூரிட்டி அவரைச் சந்தேகப்பட்டு, பிறகு பழகி, கடைசியில் நாற்காலி போட்டார்.

ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? எதை எடுத்தாலும் பாஸ்போர்ட் போட்டோதான். நேர்முகம், வெள்ளைப் பின்னணி. அதற்காக வீட்டுப் படுக்கை விரிப்பைத் தூக்கிக்கொண்டு மனைவியையும் இழுத்துப்போவார். அவள் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், பெட்ரோல் பங்கில் உடும்புக்குப் பின்னால் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, ஊரே காட்டுக்குப் போய் மரம், மலையோட சேர்த்து எடுக்குது. நீங்க ஏன் இருக்கிறதையும் மறைக்கிறீங்க?”

“பின்னாடி ஏதாவது தெரிஞ்சா செல்லாதும்மா.”

“எங்க செல்லாது?”

அவர் கேமராவுக்குள் குனிந்தார். “கொஞ்சம் கீழ இறக்கு. காது தெரியணும்.”

“உடும்புக்குக் காது எங்கங்க இருக்கு?”

“கண்ணுக்குப் பின்னாடி, ஓட்டை மாதிரி. நீயே பாரேன்!”

அவள் எட்டிப் பார்த்தாள். அன்றைக்குக் கிளினிக்கில் டோக்கன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் உடும்பின் காதைப் பற்றித்தான் பேச்சு. உள்ளே டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கு மறுத்துப் பேச வழியில்லை.

கீரியின் படத்தை அவர் பழக்க தோஷத்தில் எட்டுக் காப்பி போட்டு, வெட்டி, கவரில் வைத்திருந்தார். மனைவியிடம் காட்டலாமென்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் கவரைப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இதுவா கீரி? நம்ம தெரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் மாதிரியில்ல இருக்கு?”

மேனேஜரேதான். பஸ் பாஸுக்காகப் போட்டோ எடுத்தவர். கவர் மாறிப்போயிருந்தது. ஸ்டுடியோக்காரர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு மேனேஜர் வீட்டுக்கு ஓடினார்.

மேனேஜருக்குச் சமீபத்தில்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கவரிலிருந்த போட்டோவைப் பாஸில் தானே ஒட்டி, தானே கொண்டுபோய்க் கொடுத்து, சீல் குத்தி வாங்கி, ஊரெல்லாம் பஸ்ஸில் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

“சார், மன்னிக்கணும். உங்க போட்டோ மாறிடுச்சு.”

“மாறலையே. எப்பவும் விட நல்லாவே வந்திருக்கு.”

“சார், அது கீரி.”

மேனேஜர் பாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கண்டக்டர் பார்த்தாரே! ஆபரேஷனுக்கப்புறம் கண்ணு நல்லா தெளிஞ்சிருக்கு சார்னு சொன்னாரு.”

“வேற எடுத்துத் தர்றேன் சார். இப்பவே வாங்க.”

“இருங்க.” அவர் பாஸைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “என் போட்டோ எல்லாத்துலயும் யாருக்கோ ‘முடியாது’ன்னு சொல்ற மாதிரியே இருப்பேன். கல்யாண போட்டோவுலகூட அப்படித்தான். இதுல ஏதோ விசாரிக்க வந்தவன் மாதிரி இருக்கேன். இவரை நான் நேர்ல பார்க்க முடியுமா?”

மறுநாள் இரண்டு பேரும் ஸ்டுடியோவின் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார்கள். கீரி வந்தது. மேனேஜரைப் பார்த்தது. மேனேஜர் எழுந்து நின்றார். பெரிய அதிகாரி வந்தால் நிற்பாரே, அப்படி. அது அவர் பாதத்தை முகர்ந்து, ஆட்சேபணை இல்லை என்பதுபோலத் திரும்பி நடந்தது. அவர் முகத்தில் பரவிய சந்தோஷத்தை எந்த அலுவலகமும் பாஸ்போர்ட் போட்டோவில் ஏற்றுக்கொள்ளாது. ஸ்டுடியோக்காரர் அதையும் எடுத்துவைத்தார். அதற்குப் பிறகு விரிப்பைப் பிடிக்கும் உத்தியோகம் மேனேஜருக்குப் போனது. மனைவிக்குப் பெரிய நிம்மதி; கைகள் விடுபட்டதும் அவளும் போனிலேயே படம் எடுக்கத் தொடங்கினாள்.

போன வாரம் நாற்சந்தி சிக்னல் பெட்டிக்குள் மைனா குஞ்சு பொரித்திருப்பதை முதலில் கண்டவளும் அவள்தான். மூவரும் நடுரோட்டில் விரிப்போடு நின்றார்கள். டிராபிக் போலீஸ்காரர் விசிலடித்துக்கொண்டே ஓடிவந்தார்.

“யாருய்யா நீங்க? ரோட்டுல துணி காயப்போடுறீங்களா?”

“சார், ஒரே ஒரு தடவை இதுக்குள்ள பாருங்க,” என்று ஸ்டுடியோக்காரர் கேமராவை அவர் கண்ணில் வைத்தார்.

போலீஸ்காரர் பார்த்தார். சிக்னல் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. ஒரு கையால் வண்டிகளைத் தடுத்தபடி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பஸ், லாரி, வேன் எல்லாம் ஹாரனை அலறவிட்டன.

“கொஞ்சம் பொறுங்கய்யா!” என்று திரும்பாமலே கத்தினார். “மூணாவது குஞ்சு இன்னும் வாயைத் திறக்கலை.”