டீச்சருக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர்

எனக்கு ஓட்டப்பந்தயம் என்றாலே எரிச்சல். துரத்த ஆளில்லாமல் ஒருவர் எதற்காக ஓட வேண்டும்? தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கிறேன். காலையில் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். அதனால் பேச ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டேன்.

அவள் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். சேலத்துக்காரி, நெடுந்தூரம் ஓடுகிறவள். மலையில் ஓடினால் மூச்சு பலப்படுமென்று, விடிகிற நேரத்தில் சேர்வராயன் கோயில் ரோட்டில் ஓடுவாள். ஒருநாள் மூடுபனியில் காட்டெருமை ஒன்று நட்டநடு ரோட்டில் நின்றது. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் ஸ்கூட்டரில் நான். வெலவெலத்துப் போனது நான்தான். அது ஆற அமர இறங்கிப் போன பிறகு, இனிமேல் தனியாக ஓட வேண்டாம், லைட்டைப் போட்டுக்கொண்டு நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யார் கேட்டார்கள் என்னை?

அதிலிருந்து தினமும் அவள் முன்னால், நான் பின்னால். ஓடும்போது அவள் வாய் திறக்கமாட்டாள். நான் வாயை மூடமாட்டேன். மேனேஜரின் கஞ்சத்தனம், மிளகுக்கொடி, நானே பொங்கித் தின்கிற சோறு, எல்லாவற்றையும் அவள் முதுகிடம் கொட்டுவேன். கோயிலடியில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, "அந்தச் சோறு அப்பறம் என்னாச்சுங்க, கொழஞ்சு போச்சுங்களா?" என்பாள். அடேயப்பா, அத்தனையும் கேட்டிருக்கிறாள்! அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இவ்வளவு பேசுகிற எனக்கு அதை மட்டும் சொல்ல வரவில்லை.

வடக்கே ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலையை விட்டுவிட்டுப் போகிறாள். போனால் திரும்ப மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. கடைசி ஓட்டத்தில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பாழாய்ப்போன மழை கொட்டித் தீர்த்தது. ஊருக்குக் கிளம்பும் நாள் அவசர அவசரமாகப் பேர் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். ஸ்கூட்டரை நிறுத்தும்போது, அவள் தோளில் பையோடு சேலம் பஸ்ஸைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். "டீச்சர்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

கொடுக்கவில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பி நடக்கிறவர்களை எங்கள் பக்கம் பின்னாலிருந்து கூப்பிடமாட்டோம். கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது. அவளுடைய ஓட்டம் என் வாயாலா கெட வேண்டும்? சுற்றிப்போய் அவளுக்கு எதிரே நின்று சொல்லலாம் என்று, வரிசையாக நின்ற பஸ்களைச் சுற்றி ஓடினேன். ஆமாம், நான்தான், ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

அப்புறம் வீடே பிடிக்கவில்லை. டிவியோடு பேசிப் பார்த்தேன். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அம்மா போனபோதுகூட நான் அப்படித் தனியாக இருந்ததில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே போன் செய்தாள். முகாமில் யாரும் யாரோடும் அதிகம் பேசுவதில்லையாம். ஓடி முடிக்கிற நேரம் மட்டும் நன்றாகக் குறைந்திருக்கிறதாம். அப்புறம் கேட்டாள். "ஏனுங்க, அன்னிக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டு எதுக்குங்க கூப்புடாம நின்னீங்க? உங்க ஸ்கூட்டர் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா?"

சகுனத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எங்க ஊட்ல அதெல்லாம் பாக்கமாட்டோமுங்க. நீங்க கூப்புடுவீங்கன்னுதான் மெதுவா நடந்தேன்."

அவள் மெதுவாக நடந்திருக்கிறாள், எனக்காக. பிடித்திருக்கிறது என்பதையும், வந்துவிடுங்கள் என்பதையும் அப்போதுதான் உளறிக்கொட்டினேன். அந்தப் பக்கம் எங்கோ யாரோ விசில் ஊதுவது கேட்டது.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் பஸ் ஏறியிருக்கமாட்டேனுங்க" என்றாள். "இப்ப நான் நொம்ப நல்லா ஓடறேன், ரைட்டரே."

ஓடுங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஆக, எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது சரிதான். அன்றைக்குக் கூப்பிட்டிருந்தால் அவள் காரியம் கெட்டுத்தான் போயிருக்கும். கெட்டுப் போயிருக்கலாமே என்று ஏங்குகிறேன்.