அந்த வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது?

காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அன்வர் பாயின் மகள் ஷபானா அழைத்தாள். "அங்கிள், அப்பா மௌத் ஆயிட்டாரு" என்றாள். அவர் பல மாதங்களாகச் சிறுநீரகக் கோளாறோடு போராடியதை ஆம்பூரில் அவரை அறிந்த எல்லோரும் அறிவோம். எதிர்பார்த்த சாவுச் செய்திதான். ஆனாலும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டு, மறுபடி அவிழ்த்துப் போட்டேன்.

அன்வர் பாயை உங்களில் பலர் தோல் தொழிற்சாலையின் டைம் ஆபீஸ்காரராக அறிந்திருப்பீர்கள். வருகைப் பதிவு, விடுப்பு எல்லாம் அவர் பொறுப்பு. தொழிலாளி யாருக்காவது அடிபட்டால் வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்வதும் அவர்தான். எனக்கும் தேவராஜுக்கும் அவர் சினிமாத் தோழர். தேவராஜ் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். நான் பள்ளி ஆசிரியர். சண்டைப் படம் எது வந்தாலும் மூவரும் சேர்ந்து போவோம். ஞாயிறு காலை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, இதுவரை பார்த்ததில் கொடூரமான படம் எது என்று வாதாடுவோம். முடிவு மட்டும் வந்ததே இல்லை.

இத்தனைக்கும் பாய்க்கு ரத்தம் ஆகாது. திரையில் ஒருவன் கத்தியை எடுத்தால் இவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "முடிஞ்சிச்சா? முடிஞ்சிச்சா?" என்று தேவராஜின் முழங்கையை இடிப்பார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். அப்புறம் எதற்கு வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "படம் பாக்காம வூட்ல உக்காந்துகினு பேசினா நீங்க ஒத்துக்க மாட்டீங்களே" என்றார்.

தேவராஜுக்கு ரத்தம்தான் கணக்கு. அதிகம் சிந்தினால் அதுவே கொடூரமான படம். குழந்தையையோ வாயில்லா ஜீவனையோ அடித்தால் என்னால் தாங்க முடியாது. பாயின் கணக்கு வேறு. ஊரே வயிறு குலுங்கச் சிரித்த ஒரு காமெடிப் படத்தை அவர் முதலிடத்தில் வைத்திருந்தார். அதில் கதாநாயகன் காரில் துரத்தும்போது ஒரு தள்ளுவண்டிக்காரரைத் தூக்கி எறிந்துவிட்டுப் போவான். தக்காளி சிதறும், தியேட்டர் சிரிக்கும்.

"அந்தாளு இன்னா ஆனான்? அவன் வூட்டுக்கு யாரு போய் சொல்றது? அத காட்டல பாரு, அதான் ஜாஸ்தி வன்முறை. பத்து பேர வெட்டிட்டு, ஒருத்தனோட அம்மா சேதி கேக்க கதவ தொறக்கறத காட்டிட்டான்னா, அது கம்மி."

"சாவுற அடியாளுங்க வூட்டுக்கெல்லாம் போனா படம் அஞ்சு மணி நேரம் ஓடும் பாய்" என்றான் தேவராஜ்.

"ஓடட்டும்பா. அப்பவாச்சும் கம்மியா கொல்லுவாங்க."

டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

முனுசாமி இறந்தது அதற்குப் பிறகுதான். மாதனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். தொழிற்சாலைக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறக்கப்பட்டவர் விஷவாயு தாக்கி உள்ளேயே விழுந்துவிட்டார். வேலை செய்யும்போது நெஞ்சுவலி வந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு வரும்படி பாயிடம் நிர்வாகம் சொன்னது. அவர் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். அங்கே நடந்ததை ஜீப் ஓட்டுநர் பிறகு எங்களிடம் சொன்னார்.

முனுசாமியின் மனைவி விஜயா வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். பாய் அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

"அம்மா, முனுசாமி செத்துட்டாரு. தொட்டிக்குள்ள எறக்கி வுட்டாங்க. கயிறு இல்ல, மாஸ்க் இல்ல. வெஷவாயு. நெஞ்சுவலின்னு யாராவது வந்து சொல்லுவாங்க. நம்பாதீங்க. நான் அங்க இருந்தேன்."

போலீஸிடமும் அதையே சொல்லிக் கையெழுத்திட்டார். வேலை போயிற்று. மைத்துனரின் அட்டைப்பெட்டிக் கடையில் உட்கார்ந்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது, ஆனால் அவருடைய வாக்குமூலம் கடைசிவரை நிலைத்தது. விஜயாவுக்குச் சேர வேண்டிய இழப்பீடு சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் பழைய சகாக்கள் சிலர் தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். ஞாயிறு டீக்கு மட்டும் தவறாமல் வந்தார். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தேவராஜ் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டான்: "பயமா இல்லியா பாய்?"

"இருந்துச்சு. திரும்பி வர்றப்ப ஜீப்ப நிறுத்தி வாந்தி எடுத்தேன்" என்றார். பிறகு, "டீ ஆறுது, குடி" என்றார்.

பாய் இறந்த அன்று காலை ஷபானா போனில் இன்னொன்றும் கேட்டிருந்தாள். பாயின் அண்ணன் வாலாஜாபேட்டையில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், காது மந்தம். போனில் சொல்ல முடியாது. நேரில் போய் அழைத்து வர வேண்டும். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வாடகைக் கார் பிடித்துப் போனேன். "உடம்புக்கு ரொம்ப முடியல, வாங்க" என்று அழைத்து வந்து, வழியில் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் புறப்படும்போது என் எண்ணம். எல்லோரும் செய்வது அதுதான்.

பெரியவர் கட்டிலில் இருந்தார். "தம்பி எப்டி இருக்கான்?" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து, "அன்வர் பாய் காலைல செத்துட்டாரு" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். உதடுகள் பிரார்த்தனையை முணுமுணுத்தன. பிறகு கேட்டார்: "கஷ்டப்பட்டானா?"

"ஆமா. கடைசி ரெண்டு நாள் ரொம்ப கஷ்டப்பட்டாரு."

தலையசைத்தார். "நெஜத்த சொன்னியே" என்றார். என் தோளைப் பிடித்து எழுந்து, கைகால் கழுவிக்கொண்டு, தானே வந்து காரில் ஏறினார்.

சாவுச் செய்தியை இனி யாருக்குச் சொல்ல நேர்ந்தாலும் அப்படித்தான் சொல்லப்போகிறேன். அன்வர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.