சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த அம்மி

என் நாத்தனாரைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்னால் என் காதில் விழுந்த சேதிகளில் ஒன்றுகூட நல்லதாக இல்லை. வாய் நீளம் என்றார்கள். பெற்ற தாய்க்கே அடங்க மாட்டார் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆம்பளை மாதிரி காடி ஓட்டுவார் என்றார்கள். எழுபதுகளின் நடுவில் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தமிழ்ப் பெண் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கார் ஓட்டினால், தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளின் வாசலில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். அவர் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. கணவர் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லோரி ஓட்டுநர். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கிச் சரிசெய்து, மனைவிக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்.

அந்தக் காரில்தான் நான் புகுந்த வீட்டுக்குப் போனேன். எனக்குப் பிறந்த வீடு மலையில் கீழே இருக்கும் ரிங்லெட். கோயிலில் தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மாப்பிள்ளை வீட்டில் நான் விளக்கேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. முன் சீட்டில் நான் அண்ணி என்று கூப்பிடும் அந்த நாத்தனார் ஓட்ட, பக்கத்தில் என் வீட்டுக்காரர் மாலையும் பட்டு வேட்டியுமாக உட்கார்ந்திருந்தார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கார் ஓட்ட வராது, இன்றுவரை வராது. பின் சீட்டில் நானும் மாமியாரும். எங்கள் வீட்டுச் சீர் சாமானெல்லாம் காரின் பின்பெட்டியில் இருந்தது. குத்துவிளக்கு, பித்தளைக் குடம், காலையில் மணவறையில் நான் மிதித்த அம்மி.

அந்த அம்மிக்கல்லின் கனம் தாங்காமல் கார் பின்பக்கம் சரிந்துபோய்த்தான் மலை ஏறியது. மாமியார் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தார். அதில் ஒன்றை மட்டும் ரெண்டு மூன்று தடவை சொன்னார்.

“பொறந்த வீட்டு வாசல்ல ஏறின பொண்ணு, புகுந்த வீட்டு வாசல்லதான் காலு வைக்கணும். நடுவுல எதுக்கும் எறங்கப்படாது. சொல்லிட்டேன்.”

நான் தலையாட்டினேன். எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கல்யாணமாகிப் போன வாரத்தில் அந்த வீட்டு மாடு செத்துப்போனது. மாடு எதையோ தின்று செத்தது. ஆனால் அவள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் ‘ராசி இல்லாதவள்’ என்ற பேச்சு போகவில்லை. அந்தப் பெயர் எனக்கு ஒட்டிவிடக் கூடாதே என்ற பயம்தான் அன்று முழுக்க எனக்கு.

தோட்டத்துக்குப் பிரியும் மண் பாதையில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். காரின் பின்பக்கம் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. அண்ணி பிரேக்கை மிதித்து அங்கேயே நிறுத்தவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே போய், கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஓரமாகக் கொஞ்சம் சமமாக இருந்த இடத்தில் நிறுத்தினார். இறங்கிப் பார்த்துவிட்டு, என் பக்கம் பின் டயர் போய்விட்டது என்றார். வரும்போதே வண்டி நின்றாயிற்று, இனி என்ன பேசப்போகிறார்களோ என்று நினைத்தேன்.

“எல்லாரும் எறங்குங்க” என்றார் அண்ணி.

மாமியார் அசையவில்லை. “நாங்க எதுக்குடி எறங்கணும்? நீ பாட்டுக்கு டயர மாத்து. புதுப்பொண்ணு நடுவழியில காலு வைக்க மாட்டா.”

“உள்ள ஆள வச்சுக்கிட்டு நான் காடிய தூக்க மாட்டேன்மா.”

“எவ்ளோ பேரு தூக்குறான். உனக்கு மட்டும்தான் சட்டமா?”

“எவ்ளோ பேரு தூக்குறான், அதுல எவ்ளோ பேரு கைய நசுக்கிட்டு எங்கிட்ட கட்டுப் போட வரான்னு நீங்க பாத்ததில்ல. நீங்க உள்ள உக்காந்து பாக்குப் பையத் தேடுவீங்க, வெத்தல மடிப்பீங்க. காடி ஆடும். ஜாக்கி சாயும். அடியில இருக்கறது என் கைதான் லா.”

தாயும் மகளும் மாறி மாறிப் பேசினார்கள். என் வீட்டுக்காரர் யார் பக்கமும் சேராமல் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மலையில் வெளிச்சம் சீக்கிரமே போய்விடும், பனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரம் தவறினால் அதுவும் என் தலையில்தான் விழும். இறங்கினாலும் குற்றம், இறங்காவிட்டாலும் குற்றம். ஜன்னல் கண்ணாடி வழியாக அண்ணியைப் பார்த்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. பிரசவத்துக்கு வந்தவளிடம் பேசுவதைப் போல என்னைப் பார்த்து, “ஒண்ணும் ஆவாது, எறங்கும்மா” என்றார்.

கதவைத் திறந்து இறங்கினேன். முதல் நாள் மழையில் ஊறிய செம்மண் என் மருதாணிக் காலைக் கணுக்கால் வரை வாங்கிக்கொண்டது. மாமியார் மறுபக்கம் இறங்கி, கொட்டகைக்குள் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதன் பிறகு அண்ணி செய்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன். சீரை ஒவ்வொன்றாக இறக்கினார். “மாப்புள, கல்லு கொண்டா” என்று தம்பியை விரட்டினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையோடு மாப்பிள்ளை தேயிலைச் செடிகளுக்கு நடுவே கல் பொறுக்கிய காட்சியைப் படம் பிடிக்க ஆளில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம். அவர் கொண்டுவந்ததெல்லாம் உள்ளங்கை அளவுக்கு மேல் இல்லை. அண்ணி அதைப் பார்த்தார். பிறகு கீழே இறக்கி வைத்திருந்த என் அம்மியைப் பார்த்தார். அதைத் தூக்கி முன் சக்கரத்துக்குப் பின்னால் அண்டக்கொடுத்துக் காலால் ஒரு உதை உதைத்தார்.

“அடிப்பாவி, அது சீரு அம்மிடி” என்று கொட்டகையிலிருந்து குரல் வந்தது.

“அதான் நல்லா நிக்கும்” என்றார் அண்ணி.

ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதே, கல் எதற்கு என்று நான் கேட்டேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். “அது பின் சக்கரத்தத்தான் புடிச்சிருக்கு. அதுல ஒண்ண மேல தூக்கிட்டா, மிச்ச ஒண்ணு மட்டும் காடியப் புடிச்சு நிக்குமா?” என்றார். எண்பதுகளில் நானும் அதே மலையில் கார் ஓட்டினேன். எத்தனையோ தடவை டயர் மாற்றினேன். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு தடவையும் ஜாக்கியைத் தொட்டதில்லை.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கினார். ஒன்று வரவில்லை. புடவையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தார். ஜாக்கிக்கு அடியில் ஒரு கனமான பலகையை வைத்தார். தூக்கத் தொடங்கியதும் மாற்று டயரைப் படுக்கவைத்து, ஜாக்கிக்குப் பக்கத்தில் காரின் வயிற்றுக்குக் கீழே தள்ளினார். மாட்ட வேண்டிய டயரை ஏன் அடியில் தள்ளுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி அப்பால் உருட்டிய நேரத்தில்தான் அது நடந்தது. பலகையின் ஒரு முனை ஈர மண்ணில் அமுங்கியது. ஜாக்கி சாய்ந்தது. அண்ணி கையை இழுத்துக்கொண்டு பின்னால் விழுந்தார். கார் பின்னோக்கி அசைந்து, முன் சக்கரம் அம்மியில் ஏறி ‘கடக்’ என்று நின்றது. பின்பக்கம் மாற்று டயரின் மேல் தொம்மென்று உட்கார்ந்தது. நான் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு தானாகத் திறந்து ஆடியது. காருக்குப் பின்னால் பாதை வளையும் இடத்தில் வேலி கிடையாது. பள்ளம்தான்.

அண்ணி எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. கொட்டகையிலிருந்து மாமியார் வந்தார். திறந்து ஆடிய கதவைப் பார்த்தார். காரின் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கிடந்த டயரைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஓரம் உடைந்திருந்த அம்மியைத் தடவினார்.

அண்ணியும் பயந்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. கொட்டகையிலிருந்து அகலமான கருங்கல் ஒன்றை என் வீட்டுக்காரரோடு சேர்ந்து தூக்கிவந்து போட்டு, அதன் மேல் பலகை, அதன் மேல் ஜாக்கி என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். கார் எழுந்ததும் மாற்று டயரை வெளியே இழுத்து, அந்த இடத்தில் பஞ்சரான டயரைத் தள்ளிய பிறகுதான் மாட்டினார். பயந்த பிறகும் ஒரு வேலையை ஒழுங்கு மாறாமல் செய்கிற ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. மிச்ச வழி முழுக்க மாமியார் புத்தி எதுவும் சொல்லவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லைன் வீடுகளில் எல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற என் கணவரின் பெரியம்மா, முதலில் என் காலைப் பார்த்தார். செம்மண் காய்ந்து வெடித்திருந்தது.

“நடுவழியில எறங்கிட்டாளா? காடி வேற நின்னுபோச்சா? வரும்போதே நல்லாத்தான் இருக்கு.”

நான் பயந்த பெயர் வாசல்படியில் வந்து நின்றுவிட்டது. அண்ணி வாயைத் திறந்தார். அதற்குள் மாமியார் அவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“எறங்க வேணாம்னு மல்லுக்கு நின்னது நானு. எம் பேச்சத் தட்டிட்டு எறங்கினா. எறங்காம குந்தியிருந்தா இந்நேரம் இவளும் இல்ல, எம் மவ கையும் இல்ல. ரெண்டு பொண்ணயும் முழுசா கூட்டிட்டு வந்துருக்கேன். ராசியப் பத்தி எவளாச்சும் பேசினா எங்கிட்ட பேசணும்.”

பெரியம்மா தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மாமியார் வாசலில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தார். என் முன்னால் குனிந்து தண்ணீரை ஊற்றி, தன் கையாலேயே என் காலிலிருந்த சேற்றைத் தேய்த்துக் கழுவினார். நான் பதறிக் காலை இழுத்தேன். அவர் விடவில்லை.

“ஆடாத, நில்லு” என்றார். கழுவி முடித்ததும் நிமிர்ந்து, “இப்ப வலது கால எடுத்து வச்சு வா” என்றார்.