ஐந்து முறை நான் அழித்த பெயர்

சுனாமி வந்து ஆறேழு வருஷம் கழித்து நடந்தது இது. மார்த்தாண்டத்தில் நான் கணக்கு டீச்சர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்றிருக்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். சம்பளமெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். "பிள்ளைகளுக்க பேப்பர் திருத்துனது போதாதா ஒனக்கு?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். நம்ம மாவட்டத்து ஊர்களைப் பற்றி எழுதுவேன். லீவு நாளில் நேரில் போய்ப் படமும் எடுத்துப் போடுவேன்.

மண்டைக்காட்டுப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அந்த ஊர்க் கட்டுரையில், சுனாமியைப் பற்றிய வரிக்குக் கீழே, யாரோ ஒரு பெண்குழந்தையின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். இறந்துபோனாள் என்று மட்டும் இருந்தது. ஆதாரம் இல்லாமல் எதையும் வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அழித்தேன். மறுநாள் பெயர் திரும்ப வந்தது. மறுபடியும் அழித்தேன், மறுபடியும் வந்தது. ஐந்தாவது தடவை எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. ஏன் அழிக்கிறோம் என்று காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் 'விஷமம்' என்று அடித்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அதோடு பெயர் வருவது நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன், பாவி.

சில வாரம் கழித்து அந்த ஊர் சுனாமி நினைவுக்கல்லைப் படமெடுக்கப் போனேன். மாதா கோயிலை ஒட்டி இருந்தது. கைலி கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து, "எதுக்கு படம் எடுக்கிய?" என்றார். கலைக்களஞ்சியத்தில் இந்த ஊர்க் கட்டுரையைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்று பெருமையாகவே விளக்கினேன்.

"அப்ப எங்க பிள்ளைக்க பேர அழிக்கது நீங்கதானா?"

கல்லில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். அவர் மனைவியின் பெயர். பக்கத்தில் 'குழந்தை' என்று மட்டும் வெட்டியிருந்தது.

"நான் அப்ப சவுதியில. பிள்ளை பொறந்து இருவது நாளு. நான் வந்த பெறவு ஞானஸ்நானம் குடுக்கலாம்னு நாந்தான் சொன்னேன். பேரையும் போன்லதான் சொன்னேன். கோயில் ரிஜிஸ்டர்ல இல்ல, கல்லுலயும் இல்ல. ஆதாரத்துக்கு நான் எங்க போவேன்?" கல்லிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அழிச்சது சரி. விஷமம்னு எழுதினியளே, அது எதுக்கு?" என்றார்.

"மன்னிச்சிருங்க அண்ணா" என்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

கூட எழுதுகிறவர்களிடம் அந்தப் பெயருக்காக ஒரு வாரம் மல்லுக்கு நின்றேன். விதி விதிதான் என்றார்கள். நேற்றுவரை நானே சொன்னதுதானே! ஆனால் அங்கே அழித்தது எதுவும் காணாமல் போவதில்லை. கட்டுரையின் பழைய வடிவங்கள் எல்லாம், அழித்தவர் எழுதிய காரணத்தோடு, வரலாறு என்ற பக்கத்தில் அப்படியே கிடக்கும். அவருக்குப் போன் செய்து, அதில் அந்தப் பெயர் ஐந்து இடத்தில் இருக்கிறது என்றேன்.

"அழியாதுல்லா?"

"அழியாது அண்ணா."

இப்போதெல்லாம் யார் எழுதியதை எடுப்பதானாலும் முதலில் எழுதியவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். அந்த வரலாற்றுப் பக்கத்தை அவ்வப்போது திறந்து பார்ப்பேன். பிள்ளையின் பெயர் இருக்கிறது, அதற்கு அடுத்த வரியில் நான் எழுதிய அந்த ஒரு சொல்லும் அழிக்க முடியாமல் இருக்கிறது. எனக்கு அது வேண்டியதுதான்.