ஒரே மூட்டையில் எடுத்த வரிகள்

பிரெஞ்சில் 'ஆ கோஸ் தெ' என்றாலும் 'ஆன் ரெஸோன் தெ' என்றாலும் 'இதன் காரணமாக' என்றுதான் பொருள். எதை எங்கே போடுவது? அச்சில் வந்த வரிகளை ஆயிரக்கணக்கில் கணினியில் சேர்த்து, எந்தத் தொடருக்குப் பக்கத்தில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று எண்ணிச் சொல்வதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஒலக்கூரில் இருந்துகொண்டு இதை எதற்குச் செய்கிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. புதுச்சேரிக்கு பஸ் இருக்கிறது என்று மட்டும் பதில் சொல்வேன்.

என் பெருமையெல்லாம் ஓர் அட்டவணையில் இருந்தது. மழை, புயல், வெள்ளம் என்று வந்தால் அநேகமாக இரண்டாவது தொடர்தான். நெறியாளர் அதில் மட்டும்தான் 'நன்று' என்று எழுதினார். அதைப் பார்த்துத்தான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. திங்கட்கிழமை போய் அதை விளக்க வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டும். முப்பத்திரண்டு வயதில் பஸ்ஸுக்கு அண்ணனிடம் கை நீட்டுவது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் கூடத்தில் தாள்களைப் பரப்பி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கும் வியாபாரி. சாப்பிட வந்தவர், என்ன இது என்றார். சொன்னேன்.

"இதெல்லாம் எத்தினி மூட்டையில எடுத்ததும்மா?"

எரிச்சலாக இருந்தது. அவர் விடவில்லை. தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரே மூட்டையில் கைவிட்டுப் பார்த்து மொத்தத்தையும் வாங்கிவிட்டாராம்; மற்றதெல்லாம் பருப்பில்லாத பொக்கு. அதிலிருந்து எல்லா மூட்டையிலும் அடிவரை கைவிடுவாராம். சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

எந்த வரி எங்கிருந்து வந்தது என்று வீம்புக்குத்தான் பார்த்தேன். மழை வரிகளில் பாதிக்கு மேல் ஒரே செய்தித்தாளிலிருந்து வந்தவை. அதுவும் ரயில் நின்றுபோன அறிவிப்புகள், தேதி மட்டும் மாறியவை. ஒரு செய்தித்தாளுக்கு ஒரு வரி என்று மறுபடி எண்ணினேன். வித்தியாசம் காணாமல் போயிற்று. நேர்முகத்தில் யாரும் இதைத் துருவப் போவதில்லை என்பதும் தெரியும்.

திங்கட்கிழமை இரண்டு அட்டவணைகளையும் காட்டினேன். அப்படியானால் நீங்கள் கண்டுபிடித்தது என்ன என்று கேட்டார்கள். இந்த எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை என்றேன். நன்றி சொல்லி அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அண்ணனிடம் சொன்னேன். பழைய அட்டவணையை மட்டும் காட்டியிருந்தால் வேலை கிடைத்திருக்கும், நீங்கள் கேட்டுத் தொலைத்தீர்கள் என்றும் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்த மொத வருசத்து லோடு இருக்குதே, நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. பொக்க அடியில தள்ளி, நல்ல காய மேலாப்புல போட்டு எண்ண மில்லுக்கு ஏத்தி வுட்டுட்டேன்" என்றார்.

அந்தப் பொக்கை என்ன செய்தார் என்று அன்றைக்கு நான் கேட்டிருக்கவே இல்லை.