குளத்துக்கு வந்த பலகை

இன்று எங்கள் ஒலக்கூர் குளத்தங்கரையில் ஒரு பலகை முளைத்தது. "தண்ணீர் தேவன் தந்த கொடை. குளத்தில் இறங்காதீர்."

நட்டது எங்கள் சபையின் சுவிசேஷக் குழு. ஒரு வாரமாகப் பாசி வழித்து, கரையில் புங்கங்கன்று வைத்தார்கள்.

எனக்குச் சந்தோஷம்தான். என் இரண்டு வயது மகளுக்கு அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் கொடுக்கிறேன். போன மாதம்தான் பேதியில் கிடந்து எழுந்தாள்.

காலையில் குடத்துடன் போனேன். துணி மூட்டையோடு வந்த பக்கத்து வீட்டு முனியம்மாவை எங்கள் சபை உபதேசியார் மறித்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா கேளும்மா, புள்ளைங்க குடிக்கிற தண்ணி."

பத்து நிமிஷத்தில் அவரே பதினோரு பேரைக் குளத்தில் இறக்கினார். ஞானஸ்நானமாம். ஒவ்வொருவருக்கும் தலை மூழ்க ஒரு முழுக்கு. ஒருவர் தலையில் எண்ணெய் வேறு வழிந்தது.

"ஐயா, பலகை வச்சிருக்கீங்களே?" என்றேன்.

"அது துணி தொவைக்கறவங்களுக்கும்மா. இங்க பாவத்தையில்ல கழுவறோம்."

முனியம்மா விடவில்லை. "பாவத்தையே கழுவிக்கினு இருக்கீங்க. எங்க துணி அழுக்கு அதுக்குத் தேவலாங்க."

வேறு தண்ணீர் ஏது? குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேதிக்கிருமி சாக ஒரு கொதி போதும் என்றார் திண்டிவனம் டாக்டர். பதினோரு பேர் பாவத்துக்கு எத்தனை கொதி வேண்டும்? தெரிந்த தோழிகள் உடனே எழுதுங்கள், அடுப்பை இன்னும் அணைக்கவில்லை.