அம்மாவின் வாசல்நிலை

போன கிழமை மகளின் வீட்டுக்கு வாசல்நிலை பார்க்க வவுனியாவில் மரம் அரிந்து விற்கிற ஒரு மரக்காலைக்குப் போயிருந்தேன். "இப்ப ஆர் அக்கா மரத்தில போடுகினம்? எல்லாம் அலுமினியம்தான்" என்று கடைக்காரர் படப்புத்தகமொன்றை நீட்டினார். உள்ளே முதிரை மரம் அரிந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தூள் மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி பட்டுவிட்டது என்று சமாளித்தேன். இந்த வயதிலும் எனக்கு வடிவாகப் பொய் சொல்ல வராது.

எங்கள் குடும்பத்துக்கே தொழில் கட்டடப் படம் கீறுவதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில், ஓர் அரிசிக்கடைக்கு மேலே எங்கள் கந்தோர் இருந்தது. அப்பா கீறுவார். சித்தப்பா வேலை நடக்கிற இடத்தில் நின்று மேசன்மாருடன் மல்லுக்கட்டுவார். நான் அளவும் எழுத்தும் போடுவேன். பெயர்ப்பலகையில் அப்பாவும் சித்தப்பாவும் மட்டும்தான், ஆனால் உண்மையான பங்காளி அம்மா. வீடு கட்ட வருகிற ஆம்பிளைகள் அப்பாவிடம் விறாந்தை, தூண் என்று அளந்துகொண்டிருக்க, அவர்களுடைய மனிசிமாரை அம்மா பின்னறைக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்துக் கதை பிடுங்குவா. பிறகு வந்து, "அந்தக் குசினி யன்னலை மற்றப் பக்கம் வையுங்கோ. அந்தப் பிள்ளைக்கு முட்டு வருத்தமாம், புகை ஒத்துக்கொள்ளாது" என்பா. அப்பா உடனே அழிறப்பரைத் தேடுவார்.

பூநகரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், தண்ணீரூற்றில் ஒரு நெல் களஞ்சியம், எண்ணிக்கை தெரியாத வீடுகள் என்று எங்கள் மேசையிலிருந்து போனவை பல. அவற்றுள் ஒன்று எங்கள் வீடு. அதற்கு அப்பா முதிரையில் இரட்டைக் கதவு போட்ட அகலமான நிலை செய்வித்தார். நிலை வைத்த அன்று அம்மா அதன் தலையில் நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து கட்டினா. அவா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு கண்டதில்லை. அந்த வீட்டில் ஐந்து வருசம்கூட முழுசாக இருக்கவில்லை.

தொண்ணூற்றாறில் சண்டை நெருங்க, கிளிநொச்சியே ஊரை விட்டு வெளிக்கிட்டது. சனம் கூரை ஓட்டைக் கழற்றி, யன்னலைக் கழற்றி, உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றியது. அம்மா தன் தையல் மெஷினை விட்டுவிட்டு நிலையை ஏற்றச் சொன்னா.

"அண்ணி, உந்த இடத்தில நாலு மூட்டை நெல்லு ஏத்தலாம்" என்றார் சித்தப்பா.

"நிலை இருந்தா, அதைச் சுத்தி வீட்டைக் கட்டிப்போடலாம் தம்பி."

ஸ்கந்தபுரத்தில் கிடுகுக் கொட்டிலில் குடியேறினோம். சீமெந்து கண்ணிலும் காண முடியாது. என்றாலும் கந்தோர் படுக்கவில்லை. பாலை மரத்தின் கீழே ஒரு மேசை, அவ்வளவுதான். வருகிறவர்களிடம் எத்தனை அறை வேண்டும் என்று அப்பா கேட்கமாட்டார். "என்ன கொண்டு வந்தனீங்கள்?" என்றுதான் கேட்பார். அவர்கள் சுமந்து வந்த கதவையும் யன்னலையும் முதலில் அளந்து, அவற்றுக்கு ஏற்றமாதிரி மண்சுவர் வீட்டைக் கீறுவோம். ஒருவரிடம் நிலை இருக்கும், கதவு இருக்காது. இன்னொருவரிடம் கதவு மட்டும் இருக்கும். இவர்களைப் பொருத்திவிட நான் ஒரு கொப்பி போட்டேன். சொந்தக்காரர் பெயர், மரம், நீளம், அகலம், கடைசியில் 'கொடுக்கச் சம்மதமோ' என்றொரு நிரல். என் எழுத்தில் எனக்கு அப்போது பெரிய எடுப்பு. மற்றவர்களுக்கு விளங்கட்டும் என்று முதல் வரியில் எங்கள் நிலையையே மாதிரிக்கு எழுதினேன். சம்மத நிரலில் 'ஓம்' என்று போட்டேன்.

அம்மா அந்த நிலையைக் கொட்டிலுக்குள் கல் வைத்து உயர்த்திச் சாக்கால் மூடி வைத்திருந்தா. கறையான் ஏறாமல் கழிவெண்ணெய் பூசுவா. வெள்ளிக்கிழமைகளில் சந்தனப் பொட்டும் வைப்பா. எங்கள் வீடு வேறெங்கும் இல்லை, அதுதான் வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தா. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது.

இரண்டு வருசம் கழித்து, பிள்ளைப்பேற்று விடுதி ஒன்றுக்குப் படம் கீறித்தரச் சொல்லி மருத்துவிச்சி வந்தா. கட்டிலோடு ஆளைக் கொண்டுபோக அகலமான வாசல் வேண்டும். கொப்பியைப் புரட்டினேன். அந்த அகலத்தில் எங்களுடையது ஒன்றுதான். அப்பாவிடம் காட்டினேன். "எங்கடதுதானே, போடு" என்றார். மேசைக்கும் அம்மாவின் அடுப்புக்கும் இருபது அடி தூரம் இராது. ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

உழவு இயந்திரம் வாசலில் வந்து நின்றபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தா.

"ஆர் சொன்னது?"

சித்தப்பா கொப்பியைக் காட்டினார். அம்மா நெடுநேரம் அந்த வரியைப் பார்த்தா.

"வடிவான எழுத்து" என்றா. பிறகு, "கொண்டு போங்கோ. பிள்ளை பிறக்கிற இடம்."

சாக்கைத் தானே அவிழ்த்துக் கொடுத்தா. அதற்குப் பிறகு அவா வீட்டைப் பற்றிக் கதைக்கவேயில்லை. அப்பா குற்ற உணர்ச்சியில் அவாவுக்கென்று ஒரு வீடு கீறி, குசினியை எங்கே வைக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனார். "எங்கையெண்டாலும் வையுங்கோ" என்று புளியைக் கரைத்துக்கொண்டிருந்தா. ஒருமுறை மட்டும் விடுதிப் பக்கம் போனாவாம். நிலையின் அடியைத் தடவிப் பார்த்து, எண்ணெய் பூச மறக்கவேண்டாம் என்று மருத்துவிச்சிக்குச் சொல்லிவிட்டு வந்தாவாம்.

இரண்டாயிரத்தில் மலேரியா அம்மாவைக் கொண்டுபோனது. அந்தக் கொட்டிலிலிருந்துதான் எடுத்தோம். அப்பா அதற்குப் பிறகு பென்சிலைத் தொடவில்லை. இப்போது அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. பிந்திய சண்டையில் விடுதியும் போய், நான் திரும்பிப் போனபோது அந்த இடத்தில் நாயுருவி மண்டிக் கிடந்தது. நிலை எந்த அடுப்பில் எரிந்ததோ தெரியாது. நாங்கள் கீறிய கட்டடம் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை.

அதற்கெல்லாம் அழுது முடித்துவிட்டேன். கேட்டிருந்தாலும் அம்மா தந்திருப்பா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தருவதற்கு அவாவுக்கு இருந்தது அந்த ஒரு பொருள்தான். அதைத் தன் வாயால் தருகிறேன் என்று சொல்ல நாங்கள் அவாவை விடவில்லை.